இளவரசன் கதையை முடித்துவிடுங்கள்

அத்தியாயம் 17

அறிவுமதி ஒரு கொலையை மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

பயப்பட வேண்டாம். கொலை காகிதத்தில்தான். ‘தேன்மொழியாள்’ என்ற புனைபெயரில் ஒரு வார இதழில் அவள் எழுதிவரும் சரித்திரத் தொடரில் இளவரசன் சாக வேண்டிய கட்டம் வந்துவிட்டது. அக்காளை ஓரங்கட்டிவிட்டு அரியணை ஏறத் துடிக்கும் இளவரசன். அவனுக்கு எதிராக அந்தப்புரத்தில் சதி. விஷம் தயார், கிண்ணம் தயார். எழுதுகிறவளுக்குத்தான் கை ஓடவில்லை.

காரணம் ரொம்பச் சின்னது. அவளுடைய தம்பியின் பெயரும் இளவரசன்.

கதையில் அந்தப் பாத்திரத்துக்கு முதல் வாரமே வேறு பெயர் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ‘இளவரசன்’ என்றே எழுதி, வாசகர்களும் அப்படியே பழகிவிட்டார்கள். இப்போது அவனுக்கு விஷம் கொடுக்கப் பேனாவை எடுத்தால், எட்டு வயதில் காய்ச்சலோடு தன் மடியில் படுத்துக் கிடந்த தம்பியின் முகம்தான் வருகிறது.

அவள் கதை எழுதுவது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. புருஷனை விட்டுவிட்டு ஆரணியிலிருந்து வந்து மூன்று வருஷமாகத் தாய்வீட்டில் இருக்கிறவள், ராஜா ராணி கதை எழுதுகிறாள் என்றால் ஊர் என்ன சொல்லும்? செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பாளர் வேலை. மிச்ச நேரத்தில் ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பாள். விதவை பென்ஷனா, பட்டாவா, குடிதண்ணீரா, எதுவானாலும் அறிவுமதி எழுதினால் பதில் வரும் என்று ஒரு பேச்சு உண்டு.

அந்தப் பேச்சுதான் இப்போது வினையாகியிருந்தது.

தம்பி இளவரசன் ஊராட்சித் தலைவர் ஆவதற்காக நாலு வருஷமாகத் தவம் கிடக்கிறவன். எந்த வீட்டில் காதுகுத்து, எந்த வீட்டில் சாவு, எல்லாவற்றிலும் முதல் ஆளாக அவன் வெள்ளைச் சட்டை நிற்கும். போன மாதம் அறிவிப்பு வந்தது. இந்த முறை தலைவர் பதவி பெண்களுக்கு. இளவரசன் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் தன் மனைவி கவிநிலாவின் புகைப்படத்தைப் போட்டு பேனருக்கு மாதிரி அடித்துக்கொண்டு வந்தான். அதே வாரம் ஊர்ப் பெரியவர் வேடியப்பன் நாலு பெண்களோடு அறிவுமதியை வழியில் நிறுத்தி, “நீ நில்லும்மா. நாங்க பாத்துக்கறோம்” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். நாளை மறுநாள் வேட்புமனுவுக்குக் கடைசி நாள். இன்று மாலை ஆறு மணிக்கு வேடியப்பன் பதில் கேட்டு வீட்டுக்கே வருகிறார்.

நிற்பதென்று அவள் நேற்று முடிவு செய்துவிட்டாள். அம்மா சந்திரம்மாளிடம் மட்டும் சொல்லியிருந்தாள். தம்பியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

காலை பத்து மணிக்கு விடுதியில் மூன்று ஜெர்மன்காரர்கள் பெட்டியும் படுக்கையுமாக வந்து நின்ற நேரத்தில் போன் துடித்தது. இதழின் ஆசிரியர் கோதண்டராமன் குரல் செய்தி அனுப்பியிருந்தார். காதில் வைத்துக் கேட்டாள்.

“அம்மா, வணக்கம். இந்தப் பௌர்ணமிக்குள்ள இளவரசன் கதைய முடிச்சிடுங்க. இனிமே இழுத்தா நமக்குத்தான் ஆபத்து. கத்தி, ரத்தமெல்லாம் வேணாம். பால்ல கலந்து குடுத்துடுங்க, சத்தமில்லாம முடிஞ்சிடும். அம்மாக்காரி கையாலயே குடுத்தா இன்னும் நல்லது, அவன் சந்தேகப்பட மாட்டான். பதவிக்கு அப்புறம் அக்கா வரட்டும்.”

கோதண்டராமனுக்கு எப்போதுமே இப்படித்தான், சமையல் குறிப்புச் சொல்வதுபோலக் கொலையைச் சொல்வார்.

அறிவுமதியின் கையெழுத்துப் பக்கங்களைத் தட்டச்சு செய்து தருகிறவள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் நந்தினி. அவளுக்கும் விஷயம் தெரியட்டும் என்று அறிவுமதி அந்தக் குரல் செய்தியை அப்படியே அவளுக்கு அனுப்ப எடுத்து, கீழே நாலு வார்த்தை அடித்தாள். ‘இதைக் கேட்டுட்டு ரெடியா இரு. இன்னிக்கு சாயங்காலம் முடிச்சிடறேன்.’

ஒரு ஜெர்மன்காரர் பாஸ்போர்ட்டை நீட்டினார். ஒரு கண் அதில், ஒரு விரல் போனில். ‘நந்தினி’க்கு மேலே ‘நம்ம வீடு’ இருந்தது. விரல் அரை அங்குலம் மேலே பட்டது.

செய்தி குடும்பக் குழுவுக்குப் போனது. அந்தக் குழுவில் இருப்பது அவளையும் சேர்த்து மூன்றே பேர். மற்ற இரண்டு பேர், இளவரசனும் கவிநிலாவும்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் பாஸ்போர்ட் நகல் எடுக்கப் போனாள். ராத்திரி கரண்ட் போனதால் போனில் சார்ஜ் இல்லை. பத்து நிமிஷத்தில் அது அணைந்தும்விட்டது.

பன்னிரண்டரை மணிக்கு விடுதியின் மேஜைத் தொலைபேசி அடித்தது.

“அக்கா, நான் இளவரசு.”

“இன்னாடா, இந்த நம்பருக்கு?”

“உன் போன் சுவிட்ச் ஆஃப்னு வருது. வேணும்னே ஆஃப் பண்ணிட்டியா?”

“சார்ஜ் இல்லடா.”

 அவன் ஒருநாளும் விடுதி நம்பருக்குக் கூப்பிட்டதில்லை.  வேடியப்பன் வாய் தவறி யாரிடமாவது சொல்லியிருப்பாரோ?

“எத்தன மணிக்கு வருவே?”

“அஞ்சரை ஆவும்.”

“வந்து?”

“வந்து இன்னா? ஒரு வேல பாக்கி இருக்குது. இன்னிக்கு முடிச்சாவணும்.”

“அக்கா... எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்க்கா. அவசரப்படாத.”

“இதுல பேச ஒண்ணும் இல்லடா. நான் முடிவு பண்ணிட்டேன்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். போன் வைக்கப்பட்டுவிட்டது. ஆக, அவனுக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் வீட்டில் ஒரு யுத்தம் இருக்கிறது.

மத்தியானச் சாப்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு நோட்டை எடுத்தாள். எழுதினால் மனசு அடங்கும்.

‘பாற்கிண்ணம் இளவரசனின் உதட்டை நெருங்கியது. திரைக்குப் பின்னால் நின்றிருந்த மூத்தவள் கண்களை மூடிக்கொண்டாள். சாளரத்தின் வழியே மலையுச்சித் தீபத்தின் வெளிச்சம் கிண்ணத்தில் விழுந்தது. “அம்மா, பால் இன்று ஏன் கசக்கிறது?” என்று...’

அதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. அவன் அப்படி என்ன செய்துவிட்டான்? பதவிக்கு ஆசைப்பட்டான். ஆசைப்படுகிறவனையெல்லாம் கொன்றுவிட முடியுமா? கூடப் பிறந்தவள் விஷம் கொடுக்கிற அளவுக்கு அவன் ஏதாவது செய்திருக்க வேண்டாமா? அந்தக் காரணம் கிடைக்காமல்தான் அவள் மூன்று வாரமாகத் தவித்துக்கொண்டிருந்தாள்.

நோட்டை மூடிவைத்துவிட்டாள்.

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, கிரிவலப் பாதையிலிருந்து இடது பக்கம் பிரியும் மண்சாலையில் அவள் நடந்து வந்தபோது ஐந்தே முக்கால். வாசலில் கவிநிலா நின்றிருந்தாள். எப்போதும் “வாங்க அண்ணி” என்று பையை வாங்கிக்கொள்கிறவள் இன்று இரண்டடி பின்னால் போனாள். பார்வை அறிவுமதியின் கைப்பையிலேயே இருந்தது.

“பையில இன்னா அண்ணி?”

“டிபன் பாக்ஸ். ஏன் கவி?”

கவிநிலா சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

கூடத்தில் இளவரசன் கதவைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டையைக் காணோம், பனியனும் லுங்கியும்தான். எதிரே பாதி தின்ற பிஸ்கெட் பாக்கெட். உள்ளேயிருந்து சந்திரம்மாள் குரல் கொடுத்தாள்.

“வந்துட்டியா அறிவு? இதுங்க ரெண்டையும் இன்னானு கேளு. மத்தியானத்துலேந்து நான் ஆக்குனத தொடல. கொழம்பு வேணாம், மோர் வேணாம். கடை பிஸ்கெட்டத் துன்னுட்டு ஒக்காந்திருக்கான் உன் தம்பி.”

அறிவுமதி பையை வைத்தாள். இப்போதே பேசிவிடுவது நல்லது. ஆறு மணிக்கு வேடியப்பன் வந்துவிடுவார்.

“இளவரசு, உனக்குத் தெரிஞ்சிடுச்சுனு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சிடுச்சு. நீ இப்படிப் பண்ணுவேனு நான் கனவுலயும் நெனைக்கல.”

“உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்புதான்.”

“சொல்லிட்டு வேற பண்ணுவியா?”

“நானா ஆசைப்படலடா. ஊர்க்காரங்கதான் கேட்டாங்க.”

இளவரசன் முகம் வெளிறிவிட்டது. “ஊரே சேந்துதானா?”

“வேடியப்பன் மாமாதான் முதல்ல சொன்னாரு.”

“வேடியப்பன் மாமாவா! அவரு மடியில ஒக்காந்து மொட்டை அடிச்சுக்கிட்டவன் நானு!” அவன் எழுந்தே விட்டான். “அம்மா? அம்மாவுக்கும் தெரியுமா?”

“நேத்துதான் சொன்னேன். சரின்னுடுச்சு.”

கவிநிலா வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அந்த நேரம் பார்த்து சந்திரம்மாள் அடுக்களையிலிருந்து ஆவி பறக்கும் டம்ளரோடு வந்தாள்.

“சோறுதான் வேணாம், இந்தப் பாலையாவது குடி. வெறும் வயித்துல கெடக்காத.”

“ஏங்க! குடிக்காதீங்க!”

கவிநிலா பாய்ந்து தட்டிவிட்டதில் டம்ளர் பறந்து சுவரில் மோதியது. சூடான பால் சந்திரம்மாளின் புடவையெல்லாம் தெறித்தது. “அடிப்பாவி, பைத்தியமா உனக்கு?” என்று அவள் அலறினாள்.

இளவரசன் அக்காளைக் கையெடுத்துக் கும்பிட்டான்.  கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

“என்னப் போட்டுத் தள்ற அளவுக்கு நான் இன்னாக்கா பண்ணிட்டேன்? உன் பேர எடுத்தது தப்புதான். தாலுக்கா ஆபீஸ்ல ஃபாரம் குடுத்தது தப்புதான். அதுக்காகக் கொன்னுடுவியா? கூடப் பொறந்தவனாச்சேக்கா!”



“எந்தப் பேரு?” என்றாள் அறிவுமதி.

அவன் பதில் சொல்வதற்குள் கவிநிலா போனை நீட்டிவிட்டாள். “நீங்களே கேளுங்க அண்ணி! நீங்க அனுப்பினதுதானே?”

கோதண்டராமனின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. பௌர்ணமிக்குள் முடிக்கச் சொன்னார். பாலில் கலக்கச் சொன்னார். அம்மா கையால் கொடுக்கச் சொன்னார். கீழே அறிவுமதியே அடித்த வரி. ‘இன்னிக்கு சாயங்காலம் முடிச்சிடறேன்.’

அறிவுமதிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. உள்ளே போய் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து நாலைந்து வார இதழ்களை எடுத்து வந்து கவிநிலாவின் கையில் வைத்தாள்.

“கதைடி. நான் எழுதற கதை. அதுல வர்ற இளவரசனத்தான் முடிக்கச் சொல்றாரு. நந்தினிக்கு அனுப்பறத உங்களுக்கு அனுப்பிட்டேன்.”

கவிநிலா பக்கத்தைப் புரட்டினாள். கண் விரிந்தது. “தேன்மொழியாள்... அண்ணி, தேன்மொழியாள் நீங்களா? நான் வாரா வாரம் படிக்கறேனே!”

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அழுகையாகி மறுபடி சிரிப்பானது. இளவரசன் நெற்றி வேர்வையை லுங்கியால் துடைத்துக்கொண்டான். “பாவி, என் உசுரே போயிடுச்சு” என்று அவனும் சிரித்தான். ஒன்றும் புரியாத சந்திரம்மாள்கூட, பிள்ளைகள் சிரிக்கிறார்களே என்று பால் வடியும் புடவையோடு சிரித்தாள்.

சிரிக்காமல் நின்றது ஒருத்திதான்.

“எந்தப் பேர தம்பி எடுத்தே?”

சிரிப்பு நின்றது. ஓர் ஆள் தன்னைக் கொல்லப் பார்க்கிறார் என்றால், முதலில் ‘ஏன்’ என்றுதான் யாரும் கேட்பார்கள். இவன் மத்தியானம் கேட்கவில்லை. இப்போது கேட்ட மூச்சிலேயே பதிலையும் அவனே சொல்லிவிட்டான். காரணம் அவனிடமே இருந்தது.

“சொல்லு.”

“வோட்டர் லிஸ்ட்ல...” தரையைப் பார்த்துச் சொன்னான். “போன தடவ திருத்தம் நடந்தப்ப ஒரு ஃபாரம் குடுத்தேன். நீ கல்யாணம் ஆகி வெளியூர் போயிட்டே, இங்க இல்லனு. உன்ன நிக்க வைக்கணும்னு அப்பவே ஊர்ல ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. பட்டியல்ல பேரு இல்லனா மனு போட முடியாது. அதான்.”

“அதுக்கு நோட்டீஸ் வந்திருக்குமே?”

“வந்துச்சு. நான் வாங்கிக் கிழிச்சிட்டேன்.”

அறிவுமதி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆரணியில் புருஷன் வீட்டிலிருந்து கட்டின புடவையோடு வெளியேறிய அன்றுகூட அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அன்று போக ஓர் ஊர் இருந்தது. இந்த ஊரில் முன்னூறு பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவளுக்கு இந்த ஊரிலேயே பெயர் இல்லை. இவனைக் கொல்ல மனம் வராமல், மூன்று வாரமாகப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதிருக்கிறாள்!

“ஃபாரம் குடுத்தா உடனே எடுத்துட மாட்டாங்கடா. வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்க. நான் இங்கதானே இருக்கேன்? யாரு இல்லனு சொன்னது? நீயா?”

“சாமி சத்தியமா நான் சொல்லலக்கா. அன்னிக்கு நான் சென்னைக்கு வண்டி ஓட்டிக்கிட்டுப் போயிருந்தேன். கவியும் அவங்க அம்மா வீட்ல இருந்தா.”

அப்படியானால் வீட்டில் இருந்தது ஒரே ஒருத்திதான்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சந்திரம்மாள் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். கை மெல்ல நின்றது.

“ஒரு ஆளு நோட்டோட வந்தாரு. அறிவுமதி இங்க இருக்காங்களானு கேட்டாரு. இல்லப்பா, அவ இங்க இல்ல, எங்க இருக்கானு எங்களுக்குத் தெரியாதுனு சொன்னேன்.”

“ஏம்மா?”

“நீதானேடி சொல்லிக் குடுத்தே! ஆரணிக்காரனுங்க ஆள் அனுப்பித் தேடினப்ப, யாரு வந்து கேட்டாலும் நான் இங்க இல்லனு சொல்லும்மானு நீதானே என் கையப் புடிச்சு அழுதே? மூணு வருஷமா யாரு கேட்டாலும் அதத்தான் சொல்றேன். அந்த ஆளையும் அவனுங்க ஆளுனு நெனச்சேன்.”

அறிவுமதிக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தம்பி வைத்த விஷத்தை அம்மா கையாலேயே கொடுத்திருக்கிறாள், பெற்ற மகளைக் காப்பாற்றுவதாக நினைத்து.

வெளியே செருப்புச் சத்தம். வேடியப்பன் வாசலில் வந்து நின்றார். பின்னால் அதே நாலு பெண்கள். சுவரில் வழிந்திருந்த பாலையும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட்டு அவர் சற்றுத் தயங்கினார்.

“இன்னாம்மா, முடிவு பண்ணிட்டியா?”

இளவரசன் அக்காளைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தான். இந்த இடத்தில் அவள் வாயைத் திறந்தால் அவனுடைய நாலு வருஷம் போச்சு. அந்தப் பெண்கள் முன்னால் அவன் இனி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்க முடியாது.

“பண்ணிட்டேன் மாமா. நிக்கிறேன்.”

பெண்களில் ஒருத்தி கை தட்டினாள். அறிவுமதி கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

“ஆனா பட்டியல்ல என் பேரு இல்ல. இன்னும் சேக்க வழி இருக்குதானு காலைல பத்து மணிக்கு தாலுக்கா ஆபீஸ் போய்க் கேக்கப் போறேன். நான் இந்த வீட்லதான் இருக்கேன்னு அங்க வந்து ஒருத்தர் சொல்லணும். இல்லனு சொன்ன வாயே வந்து, இருக்கானு சொன்னாத்தான் எடுபடும்.”

அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“வர்றியாம்மா?”

அங்கே வந்து சொன்னால் மகன் கொடுத்த பொய் ஃபாரமும் வெளியே வந்துவிடும். சந்திரம்மாள் மகளைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தாள்.